மூடிய இலையும் முன்பே எழுதிய விடையும்

பத்தாம் வகுப்பு விஞ்ஞான பாடத்தில் ஒளித்தொகுப்புப் பரிசோதனை செய்த அந்தப் பிற்பகலை, இந்த மலரை வாசிக்கும் என் வகுப்புத் தோழர்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்களோ தெரியாது. எனக்கோ, பின்னாளில் உளவியல் ஆய்வுமுறை என்று படித்ததும் படிப்பித்ததும் எல்லாம் அந்தப் பிற்பகலிலிருந்தே தொடங்குகின்றன.

ஆய்வுகூடத்தின் பின்வாசலில் சாடிகளில் செவ்வரத்தைச் செடிகள் நின்றன. அவற்றில் ஒன்றின் இலையொன்றில் கறுப்புத் தாள் துண்டொன்று குண்டூசியால் பொருத்தப்பட்டிருந்தது. அந்த இலையைப் பறித்து, கொதிநீரில் இட்டு, பின்பு மதுசாரத்தில் வைத்து நீர்த்தொட்டியில் சூடாக்கிப் பச்சையத்தை நீக்கி, வெள்ளைப் பீங்கான் தட்டில் விரித்து அயடீன் துளிகளை விட்டோம். ஒளி பட்ட பகுதி கருநீலமாகும், தாள் மூடிய பகுதியில் மாப்பொருள் இல்லாததால் அங்கே அயடீனின் கபில நிறமே தெரியும் என்று புத்தகத்தில் படித்திருந்தோம். வகுப்பிலிருந்த 28 பேரும் தட்டைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு, கொப்பியில் அப்படியே எழுதிக் கொடுத்தோம்.

ஆசிரியர் கொப்பிகளை வாசித்து முடித்ததும் தட்டை யன்னலோரம் எடுத்துச் சென்று வைத்து, எங்களை ஒவ்வொருவராக அழைத்தார். என் முறை வந்தபோது, “தம்பி, நீர் எழுதினதை வாசித்துக்கொண்டு இலையைப் பாரும்” என்றார். பார்த்தேன். இலை முழுவதும் கருநீலமாக இருந்தது. தாள் மூடியிருந்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் வேறுபாடே இல்லை. செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, இலையில் ஏற்கெனவே இருந்த மாப்பொருளை நீக்கிய பிறகுதான் தாளைப் பொருத்த வேண்டும். அவர் வேண்டுமென்றே அதைச் செய்யாமல், காலை முழுவதும் வெயிலில் நின்ற செடியில் மதியந்தான் தாளைக் குத்தியிருந்தார். நாங்கள் வெட்கத்தோடு நின்றபோது அவர் கோபிக்கவில்லை. “நீங்கள் பொய் எழுதவில்லை. பார்க்க முதலே கண்டுவிட்டீர்கள்” என்று மட்டும் சொன்னார். அடுத்த பாடத்திலிருந்து கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு போட்டு, இடப்புறத்தில் ‘கண்டது’ என்றும் வலப்புறத்தில் ‘கருதியது’ என்றும் எழுதச் செய்தார். கருதியதை முதலில் எழுதித் திகதி போட வேண்டும், அதன் பிறகே இலையைத் தொடலாம் என்பது அவருடைய கண்டிப்பான விதி.

பல ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் உளவியல் படிக்கச் சேர்ந்தபோது, முதலாம் ஆண்டு ஆய்வுமுறை விரிவுரை ஒரு குதிரையைப் பற்றியதாக இருந்தது. பேர்லினில் வில்லெல்ம் ஃபொன் ஒஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஹான்ஸ் என்ற தமது குதிரைக்குச் சில ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். கூட்டல், பின்னம், நாட்காட்டி, நேரம் என்று எதைக் கேட்டாலும் அது குளம்பால் தரையில் தட்டி விடை சொன்னது. அவர் காசு வாங்காமல் முற்றத்தில் எல்லோருக்கும் அதைக் காட்டினார். அவர் ஊரில் இல்லாதபோது வேறு ஆட்கள் கேட்டாலும் குதிரை சரியாகவே தட்டியது. 1904இல் உளவியலாளர் கார்ல் ஷ்டும்ஃப் தலைமையில் கூடிய குழுவில் விலங்குக் காட்சிச்சாலைப் பணிப்பாளர், சர்க்கஸ் முதலாளி, மிருக வைத்தியர், குதிரைப்படை அதிகாரி முதலியோர் இருந்தார்கள். இரகசியச் சைகை எதுவும் கொடுக்கப்படவில்லை என்று அவர்கள் அறிக்கையிட்டார்கள். ஏமாற்று நடக்கிறதா என்பதே அவர்கள் தேடிய கேள்வி, அதற்கு அவர்கள் கண்ட விடையும் சரியானதே.

கேள்வியை மாற்றிக் கேட்டவர் ஷ்டும்ஃபிடம் பயின்ற ஒஸ்கார் ஃபுங்ஸ்ட். அவர் முற்றத்தில் கூடாரம் அடித்து, வேடிக்கை பார்க்க வந்தவர்களை விலக்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு போனார். கேட்பவரைக் குதிரை பார்க்காதபடி கண்மறைப்புக் கட்டினார். எண் எழுதிய அட்டையைக் கேட்பவர் தாமும் பார்க்காமல் குதிரைக்கு மட்டும் காட்டச் செய்தார். இன்னொரு சோதனையை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மாறுவதில்லை: ஒருவர் குதிரையின் காதில் ஓர் எண்ணைச் சொல்வார், மற்றவர் வேறோர் எண்ணைச் சொல்வார், இரண்டின் கூட்டுத்தொகையைக் குதிரை தட்ட வேண்டும். கூட்டுத்தொகை அங்கிருந்த மனிதர் எவருக்கும் தெரியாது, குதிரைக்குக் கணக்குத் தெரிந்திருந்தால் அதற்கு மட்டுமே தெரிந்திருக்கும். விடை கேட்பவருக்குத் தெரிந்த வேளைகளில் ஏறத்தாழ எல்லாமே சரியாக வந்தன. தெரியாத வேளைகளில் பத்தில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

கேட்பவர் கேள்வியைக் கேட்டு முடித்ததும் குளம்பைப் பார்க்கத் தம்மை அறியாமலே சற்றுக் குனிவார், குதிரை தட்டத் தொடங்கும். சரியான எண் வந்தவுடன் அவரது தலை மயிரிழையளவு நிமிரும், குதிரை நிறுத்திவிடும். இவ்வளவையும் கண்டுபிடித்த பிறகும், தாம் கேள்வி கேட்கும்போது அந்த அசைவைத் தம்மால் முற்றாக அடக்க முடியவில்லை என்று ஃபுங்ஸ்ட் பதிவு செய்தார். பின்பு ஆய்வுகூடத்தில் தாமே குதிரையின் இடத்தில் நின்று, மனிதர்கள் மனத்தில் நினைத்த எண்களைக் கையால் தட்டிக் காட்டினார். வந்தவர்களில் பெரும்பாலோர் அதே அசைவைத் தாமறியாமல் கொடுத்தார்கள். அவருடைய நூல் 1907இல் வெளிவந்தது. நேர்மையானவரும் தமது விருப்பத்தைத் தரவுக்குள் கடத்திவிடுகிறார் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய ஆய்வு அதற்கு முன் இருந்ததாக நான் அறியேன். விரிவுரை மண்டபத்தில் இருந்த எனக்கோ குதிரைக்குப் பதிலாகப் பீங்கான் தட்டும் கருநீல இலையுமே தெரிந்தன.

விஞ்ஞான உளவியலின் தொடக்கம் என்று கேட்டால், 1879இல் லைப்சிக் நகரில் வில்லெல்ம் வூண்ட் அமைத்த ஆய்வுகூடத்தையே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஆய்வுகூடம் என்பது கட்டடமும் கருவியும் மட்டுமாக இருந்தால் போதாது. 1884இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் பேர்சும் ஜோசப் ஜஸ்ட்ரோவும் நிறைகளின் சிறு வேறுபாட்டை மனிதர் எவ்வளவு உணர்கிறார் என்று சோதித்தபோது, எந்த நிறை முதலில் வரும் என்பதைச் சீட்டுக்கட்டைக் கலைத்து எடுத்து முடிவு செய்தார்கள். எழுமாறு என்ற சொல்லைக் கணிதப் பாடத்தில் மட்டும் கேட்ட எனக்கு, அது ஆய்வாளனின் கையிலிருந்து தெரிவை எடுத்துவிடும் ஏற்பாடு என்று விளங்கியது அங்கேதான். மறுவருடம், 1885இல், ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைக்குட்படுத்தி, பொருளற்ற அசைகளை மனனம் செய்து மறதியை அளந்த நூலை வெளியிட்டார். ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் மறந்துபோவதையும், அதன் பின்னர் மறதியின் வேகம் தணிவதையும் அவருடைய எண்கள் காட்டின. வரப்போகும் முடிவைப் பற்றிய எண்ணமே முடிவை வளைத்துவிடும் என்ற எச்சரிக்கையையும் அவர் அதே நூலில் எழுதிவைத்தார்.

1963இல் ரொபேட் ரோசன்தாலும் அவருடைய சக ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வில் 12 மாணவர்களிடம் தலைக்கு 5 எலிகள் கொடுக்கப்பட்டன. பாதிப் பேருக்கு அவை சிக்கல்வழியில், அதாவது வழி கண்டுபிடிக்க வேண்டிய புதிர்ப்பாதையில், கெட்டிக்கார எலிகளின் வம்சம் என்றும், மற்றப் பாதிப் பேருக்கு மந்தமான வம்சம் என்றும் சொல்லப்பட்டது. எலிகள் எல்லாம் ஒரே கூட்டத்தவை. ஆனாலும் கெட்டிக்காரர் எனப்பட்ட எலிகள் நன்றாகவே கற்றன. இந்த ஆய்வை நான் மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் சிரிப்பார்கள். அவர்களும் எங்களைப் போல ஒரு தட்டின் முன் நிற்கும் வரை அந்தச் சிரிப்பு இருக்கும்.

என் தட்டு எனக்கு இரண்டாம் முறையும் வந்தது. இங்கே வாழும் நம்மவரில் முதியோரின் நினைவாற்றலைப் பற்றி ஆய்வு செய்தபோது, தமிழ்ச் சொற்பட்டியலை வாசித்துக் காட்டி, சிறிது நேரம் கழித்து நினைவுக்கு வருவதைச் சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்தேன். கிழமைதோறும் ஒன்றுகூடிப் பாடியும் கதைத்தும் வருபவர்களுக்கு நினைவு கூர்மையாக இருக்கும் என்பது என் கருதுகோள். புள்ளியிடலை முடித்த பிறகு என் மேற்பார்வையாளர், பெயரும் குழுவும் அகற்றிய பதிவுகளைத் தந்து மறுபடியும் புள்ளியிடச் சொன்னார். இரண்டு புள்ளிகளும் எல்லா இடத்திலும் ஒத்துவரவில்லை. பட்டியலில் ‘கிணறு’ என்றிருக்க, ஒரு பெரியவர் ‘துலா’ என்று சொன்னதை முதல் தடவை நான் சரி என்று குறித்திருந்தேன். ஊர்க் கிணற்றடியை நினைத்துத்தானே சொல்கிறார் என்று என் மனம் இரங்கியிருக்க வேண்டும். மற்றக் குழுவிலிருந்த ஓர் அம்மா அதே இடத்தில் ‘வாளி’ என்றதைப் பிழை என்று குறித்திருந்தேன். இரண்டும் பிழைதான். அன்றிரவு அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன், பத்தாம் வகுப்பு ஆசிரியரின் குரல் காதில் கேட்டபடி இருந்தது.

2015இல் எங்கள் துறை முழுவதற்கும் அப்படியோர் இரவு வந்தது. உளவியல் சஞ்சிகைகளில் வெளிவந்த 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் 97 வீதமானவை புள்ளிவிபரரீதியில் பொருளுள்ள, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாத, முடிவு கண்டிருக்க, திரும்பச் செய்தவற்றில் 36 வீதமே அவ்வாறு கண்டன. மோசடி என்று இதைச் சொல்வது பெரும்பாலும் நியாயமாகாது. தரவைப் பார்த்த பிறகு கருதுகோளைச் செப்பனிடுவதும், ஒத்துவராத அளவீட்டை ஒதுக்குவதும், கைகூடிய ஆய்வை மட்டும் பிரசுரிப்பதும் நல்ல ஆய்வாளர்களின் வழக்கமாகவே இருந்தன. இப்போது பல ஆய்வாளர்கள் தரவு திரட்ட முன்பே தம் கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும் பொதுப் பதிவேட்டில் திகதியோடு பதிந்துவைக்கிறார்கள். அந்தப் படிவத்தை முதன்முறை நிரப்பியபோது, கொப்பியின் வலப்புறம் என் கண்முன் வந்தது.

எங்கள் சங்கம் இவ்வருடம் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்குப் பணம் சேர்க்கிறது. நுணுக்குக்காட்டிகளும் கணினிகளும் பட்டியலில் இருக்கின்றன, அவை வேண்டியவையே. அவற்றோடு, கதவை மூடினால் ஒரு கீற்று வெளிச்சமும் புகாத மர அலுமாரி ஒன்றையும் செய்வித்துக் கொடுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். செவ்வரத்தைச் சாடி இரண்டு நிற்கக்கூடிய அளவில் அது இருக்க வேண்டும். ஒரு சாடியை இரண்டு நாள் அதற்குள் வைக்கவும், மற்றதை வேண்டுமென்றே வெயிலில் விடவும், அங்கு படிப்பிக்கும் ஆசிரியருக்கு அது வசதியாக இருக்கும். அதற்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.