வீரியமான ஸ்டீராய்டு களிம்பு: முதல் நாளிலிருந்து நிறுத்தும் நாள் வரை

மருந்துச் சீட்டில் க்ளோபெட்டசால் என்று எழுதியிருக்கும். தோலின் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு களிம்பு அது. வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்தால் தோல் மெலியும், வரி விழும், உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி அடங்கிப்போகும் என்று வரிசையாக அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுப் பலர் பயந்து பயந்து, பட்டும் படாமலும் தடவுகிறார்கள். அப்படித் தடவினால் படை பாதி அடங்கும், முழுதாகப் போகாது. போகாததால் இன்னும் பத்து நாள், இன்னும் ஒரு மாதம் என்று இழுத்துக்கொண்டே போகும். எதற்குப் பயந்தார்களோ அது கடைசியில் வந்து நிற்பது அந்த இழுவையால்தான். இந்த மருந்தைப் போதுமான அளவு போட வேண்டும், குறைந்த நாள் போட வேண்டும், எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதை ஆரம்பிக்கிற அன்றே முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ளதெல்லாம் இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் கையில் இருப்பது எவ்வளவு வீரியமானது என்று தெரிந்துகொள்ளுங்கள். சதவீதத்தைப் பார்த்து எடைபோட்டால் ஏமாந்துபோவீர்கள். ஹைட்ரோகார்டிசோன் 1% மென்மையான வகை, க்ளோபெட்டசால் 0.05% உச்ச வீரியம். இரண்டுக்கும் நடுவில் க்ளோபெட்டசோன் 0.05% நடுத்தரம், மொமெட்டசோன் 0.1%, பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1% இரண்டும் வீரியம். க்ளோபெட்டசால், க்ளோபெட்டசோன் என்று பெயர்கள் காதில் ஒன்றுபோல விழும். மருந்துக்கடையில் மாறிப்போனால் பெரிய வித்தியாசம், ஆகவே ட்யூபின் மேல் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்றால், 1962-இல் மெக்கென்சி, ஸ்டௌட்டன் என்ற இருவர் வெளியிட்ட ஒரு சோதனையிலிருந்து. மருந்தை முன்கையில் தடவி, ரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பார்கள். அதிகமாக வெளுத்தால் அதிக வீரியம்.

அதே மருந்து ஆயின்ட்மென்டாக வரும், க்ரீமாக வரும், லோஷனாகவும் வரும். தடித்து, காய்ந்து, வெடித்த தோலுக்கு ஆயின்ட்மென்ட். அதன் எண்ணெய்ப்பசை தோலை மூடிவைப்பதால் மருந்து ஆழமாக இறங்கும். க்ரீமில் இருக்கும் பல பதனப்பொருட்கள் அதில் தேவைப்படாததால் எரிச்சலும் குறைவு. நீர் கசிகிற இடத்துக்கும் மடிப்புகளுக்கும் க்ரீம். தலைக்கு லோஷன் அல்லது நுரை. ஆனால் லோஷனில் பெரும்பாலும் ஆல்கஹால் உண்டு, கீறிய தோலில் பட்டால் சுரீரென்று எரியும். ஆயின்ட்மென்ட் பிசுபிசுக்கிறதே என்று நீங்களாக க்ரீமுக்கு மாறிக்கொள்ளாதீர்கள், பலன் குறையும். டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்ப மாற்றித் தருவார்.

எந்த இடத்தில் போடுகிறோம் என்பது மருந்தின் பெயரைவிட முக்கியம். 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் ஹைட்ரோகார்டிசோன் எந்தெந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். முன்கையை 1 என்று வைத்தால் உள்ளங்கால் 0.14, உள்ளங்கை 0.83, தலை 3.5, அக்குள் 3.6, நெற்றி 6, தாடை 13, விதைப்பை 42. உள்ளங்காலில் இரண்டு வாரம் போட்டும் ஒன்றும் ஆகாத களிம்பு, தாடையில் போட்டால் ஏன் சில நாளிலேயே பருவையும் சிவப்பையும் கிளப்புகிறது என்பதற்கு இந்த எண்களே பதில். முகம், அக்குள், தொடையிடுக்கு, பிறப்புறுப்பு இவற்றுக்கு உச்ச வீரியம் வேண்டாம். லைக்கன் ஸ்க்லெரோசஸ் (தோல் வெளுத்து அரிக்கும் ஒரு நோய்) போன்ற சில நோய்களுக்குப் பிறப்புறுப்பில் க்ளோபெட்டசால்தான் முதல் மருந்து. அதை டாக்டர் தெரிந்தே, அட்டவணை போட்டுத் தருவார், அங்கே பயந்து விட்டுவிடக் கூடாது. கண்ணிமைக்கு மட்டும் தனி எச்சரிக்கை. அங்கே தோல் மிக மெல்லியது, மருந்து கண்ணுக்குள் கசிந்து கண் அழுத்தத்தைக் கூட்டும், நாள்பட்டால் கண்புரையும் வரலாம். முகத்துக்கும் மடிப்புகளுக்கும் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ், பைமெக்ரோலிமஸ் இருக்கின்றன. முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும்.

இனி அளவு. இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ட்யூபின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை ஒரு நேர்கோடாகப் பிதுக்கினால் அது ஒரு விரல்நுனி அளவு. எடை சுமார் அரை கிராம். விரல்களைச் சேர்த்துவைத்த பெரியவரின் இரண்டு கைகள் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, அவ்வளவு தோலுக்கு இது போதும். குழந்தைக்குப் போடும்போதும் பெரியவர் விரலால்தான் அளக்க வேண்டும். பெரியவருக்கு ஒரு கைக்கு மணிக்கட்டு வரை, முன்னும் பின்னும் சேர்த்து 1 அளவு. தோள் முதல் மணிக்கட்டு வரை 3. ஒரு பாதத்துக்கு 2. ஒரு காலுக்கு 6. மார்பும் வயிறும் 7. முதுகும் பிட்டமும் 7.

இதை வைத்து ட்யூப் எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போடலாம். இரண்டு கைகளிலும் எக்சிமா, அதாவது அரித்துச் சிவக்கும் தோல் அழற்சி, என்று வையுங்கள். வேளைக்கு 2 அளவு, அதாவது 1 கிராம். இரு வேளை போட்டால் நாளைக்கு 2 கிராம், 14 நாளில் 28 கிராம். 30 கிராம் ட்யூப் ஏறக்குறைய காலியாக வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் ட்யூப் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் போட வேண்டியதைப் போடவில்லை. ஐந்தே நாளில் சப்பையாகிவிட்டால் அள்ளிப் பூசியிருக்கிறீர்கள். க்ளோபெட்டசாலுக்குப் பொதுவான உச்சவரம்பு வாரம் 50 கிராம், தொடர்ந்து இரண்டு வாரம். அந்த வரம்பு பார்க்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரே ஒரு கால் முழுக்கப் பாதத்தோடு சேர்த்துப் போட்டால் வேளைக்கு 8 அளவு, 4 கிராம். இரு வேளைக்கு 8 கிராம், வாரத்துக்கு 56. வரம்பு தாண்டிவிட்டது. நாளைக்கு 2 கிராம் க்ளோபெட்டசாலிலேயே அட்ரினல் அடங்கத் தொடங்கியது பதிவாகியிருக்கிறது. உடம்பில் பரவலாகப் படை இருப்பவர்கள் இதை நம்பியே காலம் தள்ளக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அவர்களுக்கு ஒளி சிகிச்சை, உள்மருந்து போன்ற வேறு வழிகள் தேவை.

போடும் விதம் எளிது. குளித்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் லேசான ஈரம் இருக்கும்போது போடுங்கள். விரல்நுனி அளவைப் படையின்மேல் அங்கங்கே புள்ளிகளாக வைத்து, ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே மெதுவாகப் பரப்புங்கள். தோலில் லேசான பளபளப்புத் தெரிந்தால் போதும். வெள்ளையாகப் பூச்சு நிற்க வேண்டியதில்லை, அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். படையின் ஓரத்தைத் தாண்டி நல்ல தோலுக்கு இழுக்காதீர்கள். ஈரப்பதக் களிம்பு போடுவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் 20, 30 நிமிடம் விடுங்கள். உடனடியாக ஒன்றின்மேல் ஒன்று போட்டால் ஸ்டீராய்டு நீர்த்துப்போவதோடு, வழுக்கிக்கொண்டு தேவையில்லாத இடத்துக்கும் போகும். எது முதலில் என்பது அவ்வளவு முக்கியமல்ல, இடைவெளிதான் முக்கியம். ஈரப்பதக் களிம்பில் கஞ்சத்தனம் கூடாது: உடல் முழுக்க வறண்ட பெரியவருக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை செலவாகும். அதில் ஊறிய துணியும் படுக்கைவிரிப்பும் சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்பருகே கவனம். கையில்தான் படை என்றால் தவிர, போட்டு முடித்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை? வீரியமான வகைகளுக்கு ஒரு வேளையே பல சமயம் போதும். தோலின் மேலடுக்கு மருந்தைத் தேக்கிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. மூன்றாவது தடவை போடுவதால் பக்க விளைவுதான் கூடும். டாக்டர் சொல்லாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டவும் கூடாது, உறிஞ்சுதல் பல மடங்காகிவிடும். குழந்தையின் டயப்பரும் கிட்டத்தட்ட அந்தத் தாள் செய்கிற வேலையையே செய்கிறது. உச்ச வீரியக் களிம்பு 12 வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அளவும் வகையும் மாறும்.

பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அரிப்பு இறங்கும். ஒரு வாரத்தில் சிவப்பு மங்கி, செதில் உதிர்ந்து, தடிப்பு தட்டையாகத் தொடங்கும். நிறைய பேர் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். அரிப்பு போனதும் மூன்றாம் நாளே நிறுத்துகிறவர்களுக்கு, அடியில் அழற்சி மிச்சமிருப்பதால் அடுத்த வாரமே திரும்பி வரும். இன்னொரு பக்கம், படை போன இடத்தில் கருமையோ வெளுப்போ மிச்சமிருப்பதைப் பார்த்து, நோய் இன்னும் போகவில்லை என்று தொடர்ந்து போடுகிறவர்கள். மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் அந்த நிறமாற்றம் மாதக்கணக்கில் நிற்கும். ஸ்டீராய்டு அதை ஆற்றாது, வெளுப்பைக் கூட்டவும் செய்யும். ஆகவே கண்ணை நம்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலைப் படை இருந்த இடத்தின் மேலும் பக்கத்து நல்ல தோலின் மேலும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சொரசொரப்போ மேடோ தட்டுப்படவில்லை, அரிப்பும் இல்லை என்றால் வேலை முடிந்தது, நிறம் என்னவாக இருந்தாலும் சரி.

இரண்டு வாரமாகியும் அசையவில்லை என்றால் வீரியத்தைக் கூட்டுவதற்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள். அளவு குறைந்ததா? படையைக் கிளப்பிய சோப்பு, கையுறை, சாயம் இன்னும் கூடவே இருக்கிறதா? தங்க நிறப் பொருக்கோ சீழோ இருந்தால் பாக்டீரியா சேர்ந்திருக்கிறது. காய்ச்சலோடு ஒரே அளவான, குத்தி எடுத்ததுபோன்ற சிறு புண்கள் கொத்தாக வந்தால் அது ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அபூர்வமாக, களிம்புக்கே ஒவ்வாமை வருவதும் உண்டு.

அடிக்கடி நடக்கும் இன்னொன்று, அது எக்சிமாவே இல்லை, பூஞ்சையால் வரும் படர்தாமரை. ஸ்டீராய்டு போட்டதும் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், குணமாகிவிட்டதாகத் தோன்றும். அடியில் பூஞ்சை தடையில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். வட்டத்தின் தெளிவான ஓரம் அழிந்துபோவதால் பிறகு பார்க்கிற டாக்டருக்கும் கண்டுபிடிப்பது கடினம். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே ட்யூபில் கலந்து வரும் களிம்புகள் இதற்கு மருந்தல்ல. அவற்றில் க்ளோபெட்டசால் இருந்தால் பூஞ்சையை நீடிக்க வைப்பதே அதுதான். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் எளிய பரிசோதனை போதும். ஸ்டீராய்டைத் தொடுவதற்கு முன்பே அதைச் செய்வது நல்லது.

நிறுத்துவதற்கும் முறை உண்டு. இரண்டு வாரத்துக்குள் அடங்கிய சிறிய படை என்றால் அப்படியே நிறுத்தலாம். அதற்கு மேல் போட்டவர்களுக்குப் படிப்படியாகத்தான்: ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு வாரம் இரண்டு நாள், பிறகு நிறுத்தம். வீரியம் குறைந்த வகைக்கு இறங்கி முடிப்பது இன்னொரு வழி. லைக்கன் ஸ்க்லெரோசஸுக்கு வழக்கமான அட்டவணை முதல் மாதம் தினமும் இரவு, இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. மூன்று மாதத்துக்கும் சேர்த்து 30 கிராம். சொரியாசிஸ் (செதில் உதிரும் தடித்த படை) பரவலாக இருந்து, நாள்பட வீரியக் களிம்பு போட்டவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. சீழ்க்கொப்புள வகையாக வெடிக்க வாய்ப்பு உண்டு. அடிக்கடி திரும்பி வரும் எக்சிமாவுக்கு, முழுதாக ஆறியபின் பழைய இடங்களில் வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் மட்டும் போடும் முறை நன்றாகக் கைகொடுக்கிறது. அதற்கு உச்ச வீரியம் வேண்டாம், நடுத்தரமோ ஒருபடி மேலோ போதும்.

போடும் காலத்தில் வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள். லேசாகக் கசக்கிய தாள்போலச் சுருக்கமும் மினுமினுப்பும் தெரிந்தால் மெலிய ஆரம்பித்திருக்கிறது. அப்போதே நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும். அக்குளிலும் தொடையிலும் விழும் வரித்தழும்பு போகாது, மெல்ல மங்க மட்டும் செய்யும். தட்டினாலே ரத்தம் கட்டுவது, முகம் உப்புவது, காரணமில்லாமல் எடை ஏறுவது, நிறுத்தியபின் தலைசுற்றலும் வாந்தியும் வருவது எல்லாம் மருந்து ரத்தத்தில் கலந்ததன் அறிகுறிகள், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில், குறிப்பாக முகத்தில், விடாமல் போட்டு நிறுத்தியவர்களுக்கு முன்பு படையே இல்லாத இடத்திலும் சிவந்து, அரிப்பைவிட எரிச்சல் அதிகமாகக் கிளம்பினால், அது பழைய எக்சிமா திரும்பியதாக இல்லாமல் ஸ்டீராய்டு விட்டதன் விளைவாக இருக்கலாம். அதற்கு மறுபடி அதே ட்யூபைத் திறப்பது சரியான பதிலல்ல.

ட்யூபின் மேல் பேனாவால் மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: திறந்த தேதி, நிறுத்தும் தேதி, எந்த இடத்துக்கு. வீட்டில் வேறு யாருக்காவது அரித்தால் எடுத்துக் கொடுக்காதீர்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, காலியாக இருந்தாலும் அந்த ட்யூபையே கொண்டுபோங்கள். எவ்வளவு நாளில் எவ்வளவு செலவானது என்பதை அவர் அதைப் பார்த்தே கணக்கிட்டுவிடுவார்.