பகிர்ந்த கோப்பு யார் கணக்கில் இருக்கிறது?

இறுதியாண்டு பிராஜெக்டைக் கூகுள் டாக்ஸில் செய்ய வைக்கும் ஆசிரியர் முதல் நாளிலேயே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அந்த ஃபைல் யார் கணக்கில் இருக்கப் போகிறது? வழக்கமாக நடப்பது இதுதான். ஐந்து பேர் குழுவில் ஒரு மாணவி தன் சொந்த ஜிமெயிலில் ஃபைலைத் திறந்து, லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். சொந்தக் கணக்குக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மெயில், போட்டோ, டிரைவ் மூன்றும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்கில் சேர்கிறது. அது நிரம்பி வழிந்தால் அந்த மாணவியோடு நிற்காது. அவர் பெயரில் உள்ள ஃபைலில் மற்ற நால்வராலும் ஒரு வரிகூட எழுத முடியாது. வைவா எனும் வாய்மொழித் தேர்வு நெருங்கும் நேரத்தில் இது நடந்தால் காரணம் புரியாமல் எல்லோரும் தவிப்பார்கள்.

ஆசிரியர் தன் கல்லூரிக் கணக்கில் ஃபைலைத் திறந்து தருவது நல்லது. ஆனால் அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்களில் கௌரவ விரிவுரையாளர்கள் பலர். அவர்கள் கல்லூரி மாறினால் கணக்கும் போய்விடலாம். கல்லூரியில் ஷேர்டு டிரைவ் வசதி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அங்கே ஃபைல் ஒரு தனி ஆளுக்குச் சொந்தமில்லை. யார் வெளியேறினாலும் அது அங்கேயே இருக்கும்.

அடுத்தது அனுமதி. ‘லிங்க் உள்ள எவரும் எடிட் செய்யலாம்’ என்று விட்டால், யார் எதை அழித்தார் என்று தேடும்போது, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரியில் பெயர் இல்லாமல் போகலாம். ஐந்து மெயில் முகவரிகளையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரே போனில் இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்கள் தவறான கணக்கில் திறந்து ‘அனுமதி இல்லை’ என்பார்கள். அதனால் முதல் வகுப்பிலேயே ஒவ்வொருவரும் ஃபைலைத் திறந்து தன் பெயரைத் தட்டச்சு செய்யட்டும். பெயர் வராதவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை.

பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஊரில் சிக்னல் நிலையாக இருக்காது. டாக்ஸ் ஆப்பில் அந்த ஃபைலை ‘ஆஃப்லைன்’ என்று முன்கூட்டியே குறித்து வைத்தால் சிக்னல் இல்லாமலும் எழுதலாம்; பஸ் கீழே இறங்கி இணையம் கிடைத்ததும் எழுதியது தானாகச் சேரும். இதில் ஒரு பொறி உண்டு. டாக்ஸ் எந்தப் பத்தியையும் பூட்டி வைப்பதில்லை. இருவர் ஒரே பத்தியை இணையமில்லாமல் திருத்தினால் இரண்டு திருத்தங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வாக்கியம் இரட்டிப்பாகும். இயலுக்கு ஒருவர் என்று பிரித்து, தலைப்புக்குக் கீழே எழுதுபவர் பெயரையும் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை வராது.

தமிழில் எழுதும் துறைகளுக்கு இதைவிடப் பெரிய தலைவலி எழுத்துரு. கல்லூரி வாசல் டி.டி.பி. சென்டர்களில் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அங்கே அடித்த இயலை டாக்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல்தான் வரும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளியே அரைப்புள்ளிக்குரிய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றலாம். ஆனால் இயல் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றினால் இடையில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களும் தமிழ் எழுத்துகளாகச் சிதையும். ஆங்கிலச் சொற்களை முதலில் தனியே எடுத்து வைத்து, பத்தி பத்தியாக மாற்றி, பிறகு அவற்றை உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். மாற்றிய பின் கொம்பும் காலும் வரும் எழுத்துகளைக் கண்ணால் பார்ப்பது அவசியம். ‘கொ’ என்பதில் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்திருந்தால் திரையில் சரியாகவே தெரியும். தேடினால் அகப்படாமல் போகலாம். மாணவர்கள் தொடக்கத்திலிருந்தே போனில் ஒருங்குறியில் அடிக்கட்டும். டி.டி.பி. சென்டருக்குப் பிரிண்டும் பைண்டிங்கும் மட்டும் போதும்.

திருத்தும் ஆசிரியர் நேரடியாக எடிட் செய்யாமல், திருத்தத்தைப் பரிந்துரையாக மட்டும் காட்டும் சஜஸ்டிங் மோடில் எழுதினால், மாணவர் எதை ஏற்கிறோம் என்று பார்த்து ஏற்பார். கமென்டில் ‘சரியில்லை’ என்று போட்டால் பிள்ளைகளுக்கு எதுவும் விளங்காது. ‘கழிஞ்சூர் ஏரி பற்றிய இந்தத் தகவலைச் சொன்னது யார்? எந்தத் தேதியில்?’ என்று கேட்டால் பதில் தேடிப் போவார்கள். சார் போட்ட கமென்டை நாமே எப்படி மூடுவது என்று தயங்குபவர்கள் நிறைய. பதில் எழுதியதும் மூடிவிடலாம் என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். இன்னொன்று: ஆசிரியரின் கர்சர் திரையில் தெரிந்ததும் பலர் தட்டச்சையே நிறுத்திவிடுவார்கள். ‘வியாழன் மாலை ஐந்துக்குப் பார்ப்பேன்’ என்று நேரம் சொல்லிவிட்டு அப்போது மட்டும் திறப்பது அவர்களுக்கு மூச்சுவிட இடம் தரும்.

வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்த்து மதிப்பெண் பிரிக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அதில் தெரிவது தட்டச்சு செய்தவர் மட்டும். குடியாத்தத்தில் வீடுவீடாகப் போய் பீடித் தொழிலாளர்களிடம் கேட்டு நோட்டில் குறித்துவந்த மாணவியின் உழைப்பு, லேப்டாப் வைத்திருக்கும் தோழரின் பெயரில் பதிவாகியிருக்கும். நள்ளிரவுக்குச் சற்று முன் மூவாயிரம் சொற்கள் ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால் அது கேள்வி கேட்க வேண்டிய இடம். குற்றம் சாட்டுமுன் நோட்டையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

கள ஆய்வு அட்டவணைக்குக் கூகுள் ஷீட்ஸ் என்றால் முதலில் செட்டிங்ஸில் லோகேல் (எந்த நாட்டு முறை என்பது) இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கா என்றிருந்தால் ஜூலை 10 என்று அடித்த 10/7 அக்டோபர் 7 ஆகிவிடும். ஊர்ப் பெயர் கட்டத்துக்கு, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் போடுங்கள். இல்லாவிட்டால் தாராபடவேடு நான்கு விதமாக எழுதப்பட்டு நான்கு ஊராக எண்ணப்படும். பேட்டி தந்தவர்களின் போன் எண்ணை அந்த ஷீட்டில் வைக்கவே கூடாது. அவர்கள் நம்மை நம்பித் தந்தது அது.

படிப்பு முடிந்து கல்லூரிக் கணக்கு மூடப்படுமுன், ஒவ்வொரு மாணவரும் பிராஜெக்டை வேர்டிலும் பிடிஎஃபிலும் இறக்கிச் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரிக் கணக்கிலிருந்து வெளிக்கணக்குக்கு உரிமையை மாற்றித் தர இயலாது. நகல் எடுப்பது ஒன்றே வழி. கடைசித் தேர்வு நாளுக்கு முந்தின வாரமே இதை வகுப்பில் செய்து முடித்துவிடலாம். தேர்வு முடிந்தபின் யாரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள்.