அக்காவின் சம்பளம்: ஊரில் இருந்த நாட்கள்

மே 19, திங்கள்

அப்பாவுக்கு நாளை மறுநாள் இதய அறுவை சிகிச்சை. பாப்பாவை அழைத்துக்கொண்டு இன்று இரவு நெல்லை விரைவு வண்டியில் புறப்படுகிறேன். பத்து நாட்களில் திரும்பிவிடுவோம் என்று, எங்கள் வீட்டில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் சொன்னேன். அவர் பாப்பாவின் சட்டைகளைப் பெட்டியில் மடித்து வைத்தபடியே, "சரிம்மா, போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். சம்பளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

மே 22

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அப்பா இன்னும் கண் விழித்துப் பேசவில்லை.

மே 28

காலை ஏழு மணிக்கு அக்கா அழைத்தார். நாளை மறுநாள் வேலைக்கு வர வேண்டுமா என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாப்பாவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னார்.

மே 30

சம்பள நாள் நெருங்குகிறது. வேலை செய்யாத நாளுக்கு யாராவது கூலி கொடுப்பார்களா என்று அம்மா கேட்கிறார். முழுச் சம்பளமும் கொடுத்துவிட்டு, விடுபட்ட நாட்களைப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஈடுகட்டச் சொல்லலாம் என்கிறார் இவர், என் கணவர். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்லவும் வரவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் 14,000 ரூபாய். நாளுக்கு ஒன்பது மணி நேரம், மாதம் 26 நாட்கள் என்று வைத்து வகுத்தால் மணிக்குச் சுமார் 60 ரூபாய் வருகிறது. வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய் என்று 2018-இல் தமிழக அரசு நிர்ணயித்தபோது, நாம் அதைவிட அதிகமாகத்தான் கொடுக்கிறோம் என்று நிம்மதி அடைந்தவள் நான். அந்த நிம்மதி இன்று உதவவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டின் மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜூன் 1, ஞாயிறு

நாங்கள் இல்லாத நாட்களுக்குப் பாதி என்று கணக்கிட்டு, 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 11,000 அனுப்பினேன். பாதி என்பது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அலுவலகத்தில் படித்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. வேலை கொடுக்க முடியாத நாட்களுக்கு ஆலைத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும் என்றது அது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைக்கு எழுதிய விதியை என் வீட்டில் தனியாக வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அளவாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"வந்துவிட்டதும்மா. பாப்பா சாப்பிட்டாளா?" என்று பதில் வந்தது.

நாளை பள்ளிகள் திறக்கின்றன. அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பு. ஐந்தாம் தேதி சீட்டுப் பணம் கட்ட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஜூன் 2

தூக்கம் வரவில்லை. அப்பாவுக்காக விடுப்பில் இருக்கும் எனக்கு 30-ஆம் தேதி முழுச் சம்பளம் வந்தது. என் அப்பாவின் நோய்க்காக என் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை, அக்காவின் சம்பளத்தில் 3,000 குறைந்திருக்கிறது.

ஜூன் 3

மீதி 3,000 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

ஜூன் 9

இதய அறுவைக்காக அப்பாவின் காலில் இரத்தக் குழாய் எடுத்த இடத்தில் புண் ஆறவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை இங்கேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். இன்னும் மூன்று வாரம். அக்காவிடம் சொல்ல வேண்டும். பாப்பா இரவில் அவரைக் கேட்டு அழுகிறாள்.

ஜூன் 12

அக்கா நான்கு நாட்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் காய்கறி நறுக்கப் போனாராம். அவராகவே சொன்னார், எதையும் மறைக்கவில்லை. இவரிடம் சொன்னபோது, அப்படியானால் அந்த நான்கு நாட்களுக்கு நாம் ஏன் தர வேண்டும் என்று கேட்டார். நான் கோபப்பட்டிருக்கக் கூடாது. ஆனால் இந்தப் பத்து நாட்களாகத் தெளிவில்லாமல் இருந்தது அப்போதுதான் எனக்கு வார்த்தையாக வந்தது. அக்கா விடுப்பு எடுக்கவில்லை, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவர்கள் நாம். பாப்பாவைத் தூக்கி வைத்திருக்கும் மணி நேரத்துக்கு மட்டும் நாம் 14,000 தரவில்லை, வேறு வீட்டை ஒத்துக்கொள்ளாமல் நமக்காகத் தன் மாதத்தை ஒதுக்கி வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் தருகிறோம். அக்கா வசிக்கும் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அருகிலேயே ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை 12,000 ரூபாய்க்கு வந்தபோது, பேருந்து ஏறி இறங்கும் அலைச்சல் மிச்சமாகும் என்று தெரிந்தும் அவர் மறுத்தது பாப்பாவுக்காகத்தான்.

பணத்தைவிட அவரை வருத்தியது வேறொன்று. "பத்து நாள் என்றீர்கள், பிறகு ஒரு வாரம் என்றீர்கள். ஆறு வாரம் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் செய்யூருக்குப் போய் அம்மாவோடு இருந்திருப்பேன்" என்றார். நாளை அழைப்பார்களோ என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். செய்யூர் போனால் உடனே திரும்ப முடியாதே என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டிருக்கிறார்.

ஜூன் 16

இன்று உலக வீட்டுப் பணியாளர் நாள். 2011-இல் இதே தேதியில்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189-ஆம் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன் பத்தாவது பிரிவு, பணியாளர் தன் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிட முடியாமல், அழைப்பு வரலாம் என்று வீட்டாருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்கிறது. அதற்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்றுவரை அதை உறுதிப்படுத்தவில்லை. அக்கா காத்திருந்த காலை நேரங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 17

ஜூலை 2 வரை கட்டாயம் வர மாட்டோம் என்று தேதியோடு சொன்னேன். அன்று மாலையே செய்யூர் புறப்பட்டுவிட்டார்.

ஜூன் 25

அப்பா கைத்தடியோடு வாசல்வரை நடந்தார்.

ஒரு தாளில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாங்கள் ஊருக்குப் போனால் முழுச் சம்பளம். ஒன்றாம் தேதி தவறாது. திரும்பும் தேதியை முன்கூட்டியே சொல்வோம், அது தள்ளிப்போனால் அன்றே சொல்வோம். இடையில் அவர் வேறு வேலைக்குப் போனால் அது அவர் விருப்பம், அதற்காக எதையும் பிடிக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்டச் சொல்ல மாட்டோம். இவர் படித்துப் பார்த்துவிட்டு, கடைசி வரியின் கீழ் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 29

ஜூன் மாதச் சம்பளம் 14,000 ரூபாயை இன்றே அனுப்பிவிட்டு, அந்தத் தாளை அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "நீங்கள் ஊருக்குப் போனால் என்ன என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கு முடியாமல் போய் நான் ஊருக்குப் போனால் என்னம்மா?" என்று கேட்டார்.

அந்த வரியை இன்னும் எழுதவில்லை. அப்பாவுக்குக் கட்டு மாற்ற ஆள் வந்துவிட்டார்.