புனேயிலிருந்து கோவில்பட்டி வரை ஒரு பழைய 800

வண்டி 1996 மாடல் மாருதி 800. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், கரண்டை வெட்டி வெட்டிப் பொறிக்கு வழிசெய்யும் பிளாட்டினா பாயிண்ட், நாலு கியர். 796 சிசி, மூன்று சிலிண்டர். புனேயில் வேலை பார்க்கும் இடத்தில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றி மாட்டியே பழகிய வண்டி. கோடை விடுமுறைக்கு ரயிலில் டிக்கெட் கிடைக்காத கடுப்பில், இதையே ஊருக்கு ஓட்டிப்போனால் என்ன என்று தோன்றியது. ஊர் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் இருக்கிறது. புனேயிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். கூட வர மச்சினன் சம்மதித்தான். பெங்களூர் வரை 48-ஆம் எண் நெடுஞ்சாலை, அப்புறம் 44. சாலையைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் வண்டியைப் பற்றித்தான்.

பழைய கார்புரேட்டர் வண்டி வழியில் நின்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சூடு, பெட்ரோல், கரண்ட். டயர், கிளட்ச், பிரேக் எல்லாம் தனிக் கணக்கு. எது என்று தெரியாமல் ஸ்பானரை எடுக்கக்கூடாது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி. எடுத்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றி வண்டி ஓடிவிட்டால் எதனால் ஓடியது என்று தெரியாது, அடுத்த முறை நிற்கும்போது மறுபடி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தேன். மேல் கீழ் ஹோஸ் இரண்டும் புதிது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வான தெர்மோஸ்டாட்டை முன்பு யாரோ கழற்றித் தூர வீசியிருந்தார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்பது பழைய மெக்கானிக்குகள் பலருடைய கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். பெட்ரோல் ஹோஸ்களையும் மொத்தமாக மாற்றினேன். இப்போது பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். தொண்ணூறுகளில் செய்த ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. கழற்றிய பழைய ஹோஸை மடக்கிப் பார்த்தேன், உள்பக்கம் பிசுபிசுவென்று கையில் கறுப்பாக ஒட்டியது. அந்தக் கறுப்பு கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டுக்குள் போய் உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை.

டிக்கியில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதில் ஃபேன் பெல்ட், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பாயிண்ட் செட், கண்டென்சர், ரோட்டார், ஒரு முழம் பெட்ரோல் ஹோஸ், கிளாம்புகள், ஃபியூஸ், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், எம்-சீல். இரண்டு முனையிலும் வயர் வைத்த ஒரு பல்பும் உண்டு. கரண்ட் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க அந்தப் பல்பைப்போல மலிவான கருவி வேறில்லை. இதெல்லாம் போக ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர்.

முதல் தொல்லை சீக்கிரமே வந்தது. புனேயிலிருந்து சாத்தாரா போகும்போது கம்பாட்கி காட் என்ற மலைக்கணவாயை ஏற வேண்டும். எதிர்த்திசையில் வருகிறவர்களுக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது. நாங்கள் போனபோது போகிறவர்களுக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதைதான். விடுமுறைக் கூட்டம். லாரிக்குப் பின்னால் லாரி, எல்லாம் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தன.

"அத்தான், முள்ளு மேல போகுது பாருங்க" என்றான் மச்சினன்.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டிச் சிவப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ரேடியேட்டர் ஃபேன் சத்தமே இல்லை. ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். மே மாத வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போகிறவனைப் பக்கத்து வண்டிக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது காருக்குள் கொட்டிவிடும். முள் அதே இடத்தில் நின்றது. வளைவு ஒன்றில் அகலமான ஓரம் கிடைத்ததும் ஒதுக்கி நிறுத்தினேன்.

மச்சினன் தண்ணீர் கேனோடு இறங்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். "மாப்ள, தொடாதே" என்று கத்த வேண்டியதாயிற்று. மூடி இறுக்கமாக இருப்பதால் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடி அழுத்தம் போய்விடும், அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். பானட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் ஒரே வழி.

அந்த நேரத்தில் ஃபேனைப் பார்த்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. சூடு ஏறினால் ஃபேனை ஓடவைக்கும் சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றி, ஒரு துண்டு வயரால் நேரடியாக இணைத்தேன். ஃபேன் விர்ரென்று சுற்றியது. அப்படியானால் மோட்டார் சரி, வயர் சரி, சுவிட்ச்தான் செத்துவிட்டது. வயதானால் சாகிற பொருள்தான் அது. ஃபேன் ஓடியபடியே காட் ஏறி முடித்தோம்.

சாத்தாராவில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் சாதாரண டாகிள் சுவிட்ச் ஒன்று வாங்கி, அதற்கு வயர் இழுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே தொங்கவிட்டேன். நேரடியாகவே விட்டிருக்கலாம்தான். ஆனால் ராத்திரி ஹெட்லைட்டோடு ஃபேனும் விடாமல் ஓடினால் கரண்ட் உண்டாக்கும் இந்த வண்டியின் ஆல்டர்னேட்டர் திணறும். சமதளத்தில் 70, 80-இல் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஏற்றத்திலும் நெரிசலிலும் மட்டும் போட்டுக்கொண்டால் போதும். அன்றிலிருந்து முள்ளைப் பார்ப்பது மச்சினன் வேலை. அவன் "ஃபேன்" என்பான், நான் போடுவேன்.

கராடு தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். திரும்பி வந்தால் வண்டி பிடிக்கவில்லை. இது எதிர்பார்த்ததுதான். இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கும். ஓடும்வரை புதுப் பெட்ரோல் வந்து அதைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் எஞ்சின் சூடெல்லாம் பம்பில் ஏறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றிவிட்டு இன்னொரு டீ சொன்னோம். டீ முடிந்ததும் பிடித்துவிட்டது. அப்புறம் எங்கே நிறுத்தினாலும் முதல் வேலை பானட்டைத் திறந்து வைப்பது.

கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் கடந்தன. தாவணகெரேயில் வெண்ணெய் தோசை. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

சித்ரதுர்கா வந்து, மலைமேல் காற்றாலைகள் வரிசையாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில், கியர் மாற்றக் காலை அழுத்தினேன். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. கிளட்ச் கேபிள்.

மாற்று கேபிள் டின்னில் இருக்கிறது. ஆனால் நாங்கள் இருந்தது மேம்பாலத்தின் ஏற்றத்தில். ஓரமே இல்லை, பின்னால் லாரிகள். அங்கே இறங்கிப் படுத்து வேலை பார்ப்பது தற்கொலை. நாலாவது கியரில் இருந்ததால் வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை நிறுத்தாமல் பாதுகாப்பான இடம் வரை கொண்டுபோக வேண்டும்.

கிளட்ச் இல்லாமல் ஓட்டுவதைக் காலி மைதானத்தில் பழகி வைத்திருந்தேன், ரோட்டில் செய்வது இதுதான் முதல் தடவை. மேல் கியருக்குப் போக, ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் லீவர் ஒரு நொடி லேசாகும். அப்போது நியூட்ரலுக்கு இழுத்துவிட வேண்டும். எஞ்சின் சத்தம் இறங்கும்வரை பொறுத்து, லீவரை அடுத்த கியரின் வாசலில் லேசாக அழுத்திப் பிடித்தால் வேகம் ஒத்துவரும்போது தானாக உள்ளே விழும். கீழ் கியருக்கு நேர்மாறு: நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து எஞ்சினை ஏற்றிக்கொண்டு தள்ள வேண்டும். வம்படியாக இழுத்தால் கியர்பாக்ஸ் கறகறவென்று பல்லைக் கடிக்கும். நிற்க வேண்டுமானால் முன்கூட்டியே நியூட்ரல், அப்புறம் பிரேக். நின்ற வண்டியைக் கிளப்ப, எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, சாவியைத் திருப்ப வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்திலேயே வண்டி நகர ஆரம்பித்து, நகர்கிற வாக்கில் எஞ்சினும் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டருக்கும் பேட்டரிக்கும் நல்லதில்லை. அவசரத்துக்கு வேறு வழியில்லை.

என் பயமெல்லாம் டோல்கேட். நின்று நின்று நகரும் வரிசையில் ஒவ்வொரு முறையும் சாவியால் கிளப்பினால் ஸ்டார்ட்டர் எரிந்தே போகும். நல்லவேளை, டோல் வருவதற்கு முன்பே ஒரு தாபா வந்தது. தூரத்திலேயே நியூட்ரலில் போட்டு, மீதி வேகத்தில் உருட்டிக்கொண்டே போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.

பக்கத்தில் டிஎன் 28 பதிவெண்ணோடு ஒரு நாமக்கல் லாரி நின்றிருந்தது. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த டிரைவர் எங்கள் பேச்சைக் கேட்டு எழுந்து வந்தார். "ஏனுங்க, கிளட்ச் வயரு போயிருச்சுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பானட் பக்கம் போய் நின்றுகொண்டார், வேறு எதுவும் கேட்கவில்லை.

கேபிள் மாற்றுவதில் கஷ்டமான இடம் பெடலின் மேல்முனை. டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத கொக்கியில் விரலால் தடவி மாட்ட வேண்டும். அவர் எஞ்சின் பக்கமிருந்து கேபிளைத் தேவையான அளவு தள்ளிக் கொடுத்தார். "வந்துச்சுங்களா? இன்னும் விடட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாட்டிவிட்டுக் கியர்பாக்ஸ் பக்கத்து நட்டை முறுக்கி, பெடலில் ஒரு விரல் அகலத்துக்குச் சும்மா ஆடும் இடம் விட்டேன். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி மிதித்த நிலையிலேயே இருந்து தேய்ந்துவிடும்.

அறுந்த கேபிளை வெளியே எடுத்துப் பார்த்தேன். முனையில் இழைகள் பிரிந்து நின்றன. பாதி இழைகளின் நுனி துருப்பிடித்துப் பழுப்பாக, மீதி மட்டும் வெள்ளியாகப் பளபளத்தது. பழுப்பெல்லாம் என்றோ அறுந்தவை, மிச்ச இழைகளை வைத்துத்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன். உறைக்குள் மறைந்திருக்கும் இடம் என்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டிரைவர் அதை வாங்கிச் சுருட்டித் தன் கேபினில் போட்டுக்கொண்டார். "எதுக்காச்சும் கட்டறதுக்கு ஆகுமுங்க." சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க முயன்றதற்கு, தான் முன்னாடியே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டார்.

பெங்களூர் நெரிசலை ராத்திரியில் கடந்து ஓசூரில் தங்கினோம். காலையில் கிருஷ்ணகிரி தாண்டியதும் அடுத்த தொல்லை. வண்டி விட்டுவிட்டு இழுத்தது, சைலன்சரில் படார் படார் என்று வெடி. பெட்ரோல் போதாமல் நிற்கிற வண்டி இழுத்து இழுத்துச் சோர்ந்து நிற்கும். கரண்ட் போகிற வண்டி பட்டென்று வெட்டும், வெடிக்கும். இது இரண்டாவது ரகம்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து மச்சினனைச் சாவி திருப்பச் சொன்னேன். பாயிண்ட் திறந்து மூடும் இடத்தில் மஞ்சள் கலந்த பெரிய பொறி பறந்தது. கண்டென்சர் நன்றாக இருந்தால் அங்கே அவ்வளவு பொறி வராது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரே திருகில் நிற்கும் சின்ன உருளை அது. சுண்டுவிரல் அளவு, விலையும் அற்பம். அது போய்விட்டால் பாயிண்ட் கருகிக் குழி விழும், ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் காயிலில் கரண்ட் சரியாக உண்டாகாது.

கண்டென்சரை மாற்றினேன். கருகிய பாயிண்டைத் தேய்க்க உப்புத்தாள் எடுத்து வரவில்லை. மச்சினன் பையிலிருந்து எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து மடித்துப் பாயிண்டுக்கு நடுவே இழுப்பது பழைய மெக்கானிக்குகள் எல்லாரும் செய்வது. இடைவெளி அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கேஜ் இல்லாதவர்கள் தடித்த விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்ப்பார்கள். அது உரசிக்கொண்டு வெளியே வந்தால் ஏறக்குறைய சரி. நானும் அப்படியே வைத்தேன். முதல் திருப்பிலேயே பிடித்தது.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளாகும் இடம். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் சில டிரைவர்களுக்கு இன்னும் போகவில்லை. நான் உச்சியிலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டேன். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். பின்னால் வந்த கார்கள் ஹார்ன் அடித்தன. அடிக்கட்டும்.

அப்புறம் நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று நேரான சாலை. விருதுநகர் பக்கத்தில் ஒரு பஞ்சர். 12 அங்குலச் சக்கரம் என்பதால் ஸ்டெப்னி மாற்றுவது சிரமமில்லை. பஞ்சர் கடைக்காரர் டியூபை எடுத்து, "இந்த சைஸைப் பார்த்து ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி" என்றார். சாத்தூர் தாண்டும்போது இருட்டிவிட்டது. ஃபேன் சுவிட்சை அணைத்து வைத்து, ஹெட்லைட்டோடு மெதுவாக ஊர் வந்து சேர்ந்தோம்.

இப்போது வண்டி வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. கோவில்பட்டியில் ஃபேன் சுவிட்ச் கிடைத்தது, மாட்டிவிட்டேன். டாகிளையும் கழற்றவில்லை, இரண்டும் இருக்கட்டும். டின்னில் கிளட்ச் கேபிள் ஒன்றும் கண்டென்சர் இரண்டும் சேர்ந்திருக்கின்றன, உப்புத்தாள் வாங்கியாயிற்று. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிட்டால் பாயிண்ட் தொல்லையே இராது என்கிறார் தெருமுனை மெக்கானிக். போடலாம்தான். ஆனால் அது நடுவழியில் போனால் தீப்பெட்டியை வைத்துச் சரிபண்ண முடியாது. திரும்பிப் போவது பாயிண்டோடுதான். இந்தத் தடவை கம்பாட்கியில் சுரங்கப்பாதை வேறு நம் பக்கம்.