கழற்றினாலும் போகாத ஓபன்சிவி

போன சனிக்கிழமை அக்கா மகன் ஈசூனிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "மாமா, மூணு தடவை ரிமூவ் பண்ணிட்டேன், இன்னும் உள்ளேயேதான் இருக்கு."

பாலிடெக்னிக் ப்ராஜெக்ட். கோப்பிக்கடை மேசையில் மிச்சச் சோற்றுக்கு வந்து உட்காரும் மைனாக்களைக் கேமரா வைத்து எண்ணுகிற சின்ன சி பிளஸ் பிளஸ் புரோகிராம். கேமரா படத்தை அலசுகிற வேலைக்கு ஓபன்சிவி என்கிற லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு. குழுவில் எல்லோருக்கும் உபுண்டு 24.04 லினக்ஸ், அதில் மென்பொருளைப் போடவும் கழற்றவும் இருக்கிற ஆப்ட் கருவியில் வரும் ஓபன்சிவி 4.6.0-ஐத்தான் எல்லோரும் வைத்துக்கொள்வது என்று பேச்சு. இவனுடையது மட்டும் ஓடும்போது 4.9.0 என்று காட்டுகிறது. பையன் 'சுடோ ஆப்ட் ரிமூவ் லிப்ஓபன்சிவி-டெவ்' அடித்திருக்கிறான், போதாதென்று பர்ஜ், அதற்கும் மேல் ஆட்டோரிமூவ். எல்லாம் போய்விட்டது என்கிறது டெர்மினல். திரும்பக் கம்பைல் செய்தால் ஜம்மென்று கம்பைல் ஆகிறது!

ஒன்று சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் குழம்புகிறார்கள். 'டெவ்' என்று முடிகிற பேக்கேஜில் இருப்பது ஹெடர் ஃபைல்களும் கம்பைல் செய்யத் தேவையான சில்லறைகளும்தான். ஓடும்போது தேவைப்படும் லைப்ரரி தனிப் பேக்கேஜ், டெவ்-ஐக் கழற்றினால் அது கூடவே போகாது, இனி எதற்கும் தேவைப்படாததை அள்ளுகிற ஆட்டோரிமூவ் வந்துதான் கூட்டிப் பெருக்கும். பர்ஜ் என்பது கூடுதலாக சிஸ்டம் கான்ஃபிக் ஃபைல்களையும் அழிக்கும், ஆனால் லைப்ரரிகளுக்கு அப்படி ஒன்றும் பெரிதாக இருக்காது. அப்புறம், ஆட்டோரிமூவ் போடும்போது வரும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். நான் ஒருமுறை டெஸ்க்டாப்பையே இழந்திருக்கிறேன்.

சரி, ஒரு புரோகிராம் எந்தெந்த லைப்ரரியை எங்கிருந்து எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையை அவன் புரோகிராம் மேல் ஓட்டிப் பார்த்தேன். லிப்ஓபன்சிவி_கோர், முடிவில் 4.6-க்கு 406 என்று இருக்க வேண்டிய இடத்தில் 409. புளோக் 406க்கு வர வேண்டிய சாப்பாடு 409க்குப் போன கதைதான். பாதை என்னவென்று பார்த்தால் யூஎஸ்ஆர்-லோக்கல்-லிப். அந்த ஃபைல் யாருடையது என்று, பேக்கேஜ்களுக்குக் கணக்கு வைத்திருக்கும் டிபிகேஜி-யிடம் கேட்டால் எந்தப் பேக்கேஜிலும் இல்லையென்று கைவிரிக்கிறது.

யூஎஸ்ஆர்-லோக்கலில் ஆப்ட் எதையும் வைப்பதில்லை. அங்கே எதையாவது வைப்பது மனிதர்கள்தான், பெரும்பாலும் சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, தாங்களே கம்பைல் செய்து 'மேக் இன்ஸ்டால்' போட்டு. தான் வைக்காததை ஆப்ட் எடுக்கவும் எடுக்காது, செய்வினை மாதிரி, வைத்தவன்தான் வந்து எடுக்க வேண்டும். போதாக்குறைக்கு, கம்பைலுக்கு எல்லாவற்றையும் தயார் செய்து கொடுக்கும் சிமேக், லைப்ரரி தேடும்போது யூஎஸ்ஆர்-லோக்கலை முதலில் பார்த்துவிட்டுத்தான் யூஎஸ்ஆருக்குப் போகும், அதனால் பையன் 4.6-ஐப் போட்டாலும் எடுத்தாலும் அதற்குக் கவலையே இல்லை.

"இதை எவன் வச்சான்?" என்று வாய்விட்டுக் கேட்டபிறகுதான் உறைத்தது. அந்த லேப்டாப் என்னுடைய பழையது. 2024 மே மாதம் நானேதான் ஓர் இரவு உட்கார்ந்து கம்பைல் செய்தேன், அப்புறம் இடம் போதவில்லையென்று அந்த பில்ட் ஃபோல்டரையும் அழித்தேன். அழித்திருக்கவே கூடாது. எந்தெந்த ஃபைலை எங்கெங்கே வைத்தேன் என்கிற பட்டியல், இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட், அதற்குள்தான் இருந்தது. 'மேக் அன்இன்ஸ்டால்' அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாக எடுக்கும்.

ஓபன்சிவி என்று பெயர் இருப்பதையெல்லாம் தேடிக் கையால் அழிக்கலாம்தான். எனக்கு மனம் வரவில்லை, ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். திரும்பப் போட்டால் அந்தப் பட்டியலும் திரும்பக் கிடைக்கும், அதனால் எடுப்பதற்காகவே அதைத் திரும்பப் போட்டேன்! 4.9.0 சோர்ஸை மறுபடி இறக்கினேன். அன்றைக்கு என்ன ஆப்ஷன்கள் கொடுத்தேன் என்று யாருக்கு நினைவிருக்கிறது? நல்லவேளை, ஓபன்சிவி_வெர்ஷன் என்று ஒரு சின்னக் கட்டளை கூடவே வரும், 'வெர்போஸ்' சேர்த்து ஓட்டினால் தான் எப்படிக் கட்டப்பட்டது என்பதை முழுக்க ஒப்பித்துவிடும். அதைப் பார்த்து அப்படியே சிமேக், மேக். மின்விசிறியை லேப்டாப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இருவரும் கீழே போய்க் கோப்பி ஓ குடித்தோம், திரும்பி வந்தபோது அறுபது சதவீதம்தான் தாண்டியிருந்தது. முடிந்ததும் இன்ஸ்டால், உடனே அன்இன்ஸ்டால், கடைசியாக சிஸ்டத்தின் லைப்ரரிக் கணக்கைப் புதுப்பிக்க எல்டிகான்ஃபிக்.

பிறகு ஆப்ட்டில் 4.6-ஐப் போட்டு, பையன் ஆவலாகக் கம்பைல் செய்தான். எரர்! ஓபன்சிவி-யே காணோமாம். ஒரு நிமிடம் எனக்கே வியர்த்துவிட்டது. அப்புறம் பார்த்தால் சிமேக் முன்பு கண்டுபிடித்ததைக் குறித்து வைக்கும், அவன் ப்ராஜெக்டின் சிமேக்கேஷ் ஃபைல் இன்னும் பழைய லோக்கல் முகவரியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி சிமேக்.

4.6.0.

"மாமா, நீங்க கம்பைல் பண்ண அந்த ஃபோல்டர் நாலஞ்சு ஜிபி இருக்கும்போல, அழிச்சிரவா?"

இப்போது அழிக்கலாம் என்றேன்.