இரண்டு மணிக்கான எண்கள்

"உங்களுக்கு உங்கள் வேதம் சத்தியம், அக்கா. எனக்கு என் வேலை சத்தியம்." அதே வார்டில் என்னோடு வேலை பார்த்த செவிலி, என் பைபிளைத்தான் வேதம் என்றாள். அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

அந்த இரவில் மூதாட்டி ஒருவருக்கு இதயம் நின்றது. வார்டில் இருந்த எல்லோரும் அந்தப் படுக்கையைச் சுற்றித்தான் நின்றோம். மற்ற நோயாளிகளுக்கு இரண்டு மணிக்கு எடுக்க வேண்டிய நாடி, இரத்த அழுத்தம், சுவாசம், வெப்பநிலை எதையும் யாரும் எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் முடியாது. அதில் குற்றம் எதுவும் இல்லை. விடியற்காலையில் அந்தக் காலிக் கட்டங்களை அவள் நிரப்பினாள். பத்து மணிக்கு இருந்த எண்களில் ஒன்றிரண்டைக் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தாள். பணி ஒப்படைப்பில் அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மணிக்கு அவள் என் எதிரே நின்று அந்த மூதாட்டியின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டு, "எடுக்கப்படவில்லை, அவசர சிகிச்சையில் இருந்தோம்" என்று எழுதச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். வார்டு பொறுப்பாளரும், "விட்டுவிடுங்கள் சிஸ்டர், எல்லா நோயாளிகளும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்" என்றார். நான் விடவில்லை. மேலிடத்துக்கு எழுதினேன். பிறகு அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இதுதான் காரணம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

எழுதியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். செவிலியர் எழுதும் எண்ணைத் தனியாக யாரும் படிப்பதில்லை, முந்தைய எண்ணோடும் அடுத்த எண்ணோடும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு உள்ளே இரத்தம் கசிந்தால் அழுத்தம் இறங்குவதற்கு முன்பே நாடி ஏறத் தொடங்கிவிடும். நோயாளி சரிவதைப் பல நேரங்களில் சுவாச எண்ணிக்கைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டு மணிக்கான கட்டம் காலியாக இருந்தால், ஆறு மணிக்கு வருபவர் சந்தேகப்படுவார், நோயாளியின் பக்கத்தில் போய் நிற்பார். பொய் எண் இருந்தால் நிம்மதியாகக் கடந்துபோவார். அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது எங்களுக்குக் கிடைத்த இரக்கம். அதை அவள் செய்ததற்கு நியாயமாகக் காட்ட முடியாது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்: "அந்த அம்மாவின் மகளிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "அம்மா கஷ்டப்பட்டார்களா?" என்று கேட்டார். "இல்லை அம்மா, அமைதியாகப் போய்விட்டார்கள்" என்றேன். இதயம் நின்ற பிறகு அந்த மூதாட்டிக்கு நினைவில்லை, அது உண்மை. ஆனால் அதற்கு முன்பு நெடுநேரம் மூச்சுக்குத் தவித்தார். பிறகு நாங்கள் செய்த எதுவும் அமைதியானது அல்ல. முதியவர்களுக்கு மார்பை அழுத்தும்போது விலா எலும்புகள் முறிவது சாதாரணம். அந்த முறிவைத் தன் உள்ளங்கையில் உணர்ந்தவள் அவள்தான். நான் மகளிடம் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டவளும் அவள்தான்.

"பொய்ம்மையும் வாய்மை இடத்த என்று படித்திருக்கிறோமே, அக்கா. அந்தக் குறள் உங்களுக்கு மட்டுமா?"

அன்று நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. அது பதிலே அல்ல. அதற்குப் பிறகு எனக்குள் நான் சொல்லிப் பார்த்த பதில்கள்தான் அதிகம்.

வேதத்தில் தேடினேன். யாத்திராகமத்தில் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள், ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்திய அரசன் பார்வோனிடம் உண்மையைச் சொல்லாமல் அவர்களைக் காப்பாற்றினார்கள், தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார். எரிகோவில் வாழ்ந்த ராகாப் இஸ்ரவேலின் வேவுகாரரை ஒளித்துவைத்துவிட்டு, தேடி வந்தவர்களிடம் போய்விட்டார்கள் என்றாள். புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபமும் யாக்கோபு நிருபமும் அவளை மெச்சுகின்றன. இவர்களைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பழைய திருச்சபையின் பெரிய சிந்தனையாளர் அகஸ்டின் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. மருத்துவச்சிகளின் இரக்கத்துக்குத்தான் தேவன் பலனளித்தார், பொய்க்கு அல்ல என்பது அவர் வாதம். ராகாபைப் பற்றிய வசனங்களைத் திரும்பப் படித்தால், அங்கும் மெச்சப்படுவது அவள் அவர்களை ஏற்றுக்கொண்டு தப்பவைத்ததுதான். அவள் சொன்ன வார்த்தைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நாஜிகளால் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் வேறு கோணத்தில் யோசித்தார். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் ஆசிரியர் ஒரு சிறுவனிடம், உன் தகப்பன் குடித்துவிட்டுத்தானே வீட்டுக்கு வருகிறார் என்று கேட்கிறார். உண்மை அதுதான். சிறுவன் இல்லை என்கிறான். அந்தப் பொய்யின் பாரம் கேட்ட ஆசிரியர்மேல்தான் விழும் என்றார் போன்ஹோஃபர், கேட்க அவருக்கு உரிமை இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. அந்த மகளுக்குக் கேட்க எல்லா உரிமையும் இருந்தது. தாயைப் பற்றி அவரைவிட உரிமையோடு யார் கேட்க முடியும்?

குறளையும் விடாமல் யோசித்தேன். பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற பாதியோடு அவள் நிறுத்திவிட்டாள். "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று ஒரு கடினமான நிபந்தனை அதில் இருக்கிறது. குற்றமற்ற நன்மை. அதைச் சொல்பவரின் வசதி தீர்மானிக்காது. அவளுடைய எண்கள் அவளைக் காப்பாற்ற எழுதப்பட்டவை. என் வார்த்தை அந்த மகளுக்காகச் சொல்லப்பட்டது. இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது மனம் லேசாகிறது. உடனே இன்னொன்று உறுத்துகிறது: அழும் ஒருவர்முன் நின்று கடினமானதைச் சொல்வதிலிருந்து அந்த வார்த்தை என்னையும் காப்பாற்றியது அல்லவா?

எல்லாவற்றிலும் ஒரே விடைதான் என்று கிறிஸ்தவம் சொல்வதில்லை. உணவிலும் நாட்களைக் கடைப்பிடிப்பதிலும் அவரவர் மனச்சாட்சிக்கு அப்போஸ்தலன் பவுல் இடம்கொடுக்கிறார், ரோமர் 14ஆம் அதிகாரம் முழுக்க அதுதான். ஆனால் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுவது அந்தப் பட்டியலில் இல்லை. நியாயாதிபதிகள் புத்தகம் முடியும்போது, "அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்து வந்தான்" என்று வருகிறது. அது சுதந்திரத்தைப் புகழும் வரி அல்ல, அதற்கு முந்தைய அதிகாரங்களில் வரும் கொடுமைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

அவளிடம் இன்று பேச வாய்த்தால் சொல்ல ஒன்று இருக்கிறது. உனக்கு உன் சத்தியம், எனக்கு என் சத்தியம் என்றால், மகளிடம் நான் சொன்னதை நீ எந்தக் கோலால் அளந்தாய்? நான் இரண்டு விதமாக நடந்துகொண்டேன் என்று உனக்கு வலித்ததே, அந்த வலி நம் இருவருக்கும் மேலே ஒன்று இருப்பதை அறிந்த வலிதானே? நீ அதை மறுத்துக்கொண்டே அதன் பெயரில்தான் என்னை நியாயம் கேட்டாய்.

வாதம் சரியாக இருக்கிறது. ஆனால் இதில் நான் வென்றாலும் அந்தக் கோல் முதலில் என்மீதுதான் விழுகிறது. என் வார்த்தை பொய்யாக இருந்தால்கூட அவளுடைய எண்கள் மெய்யாகிவிடாது. அதேபோல் அவளுடைய எண்களைப் பொய் என்று நிரூபித்ததால் என் வார்த்தையும் மெய்யாகிவிடவில்லை. "அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு" என்கிறது எபேசியர் 4:15. அவளிடம் சத்தியத்தைக் கைக்கொண்டேன், அன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியவில்லை. மகளிடம் அன்பு இருந்தது.

இப்போதெல்லாம் குடும்பத்தார் கேட்டால், "முதலில் மூச்சுக்குச் சிரமப்பட்டார்கள், பிறகு நினைவில்லை, கடைசிவரை நாங்கள் கூடவே இருந்தோம்" என்பதுபோல் நடந்ததைத்தான் சொல்கிறேன். சிலர் தலையசைக்கிறார்கள். ஒருவர், இதை ஏன் என்னிடம் சொன்னீர்கள் என்று கேட்டார். அவருக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை.