உலுக்கினீர்களா, ஆட்டினீர்களா

"நீங்கள் எப்போதாவது பிள்ளையை உலுக்கினீர்களா?"

இங்கிலாந்தில் ஒரு குடும்ப நீதிமன்றம். ஒரு தாய்க்கு நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். இந்தக் கேள்வியில் 'உலுக்கு' என்பது நான் போட்ட சொல். வக்கீல் ஆங்கிலத்தில் கேட்டது 'ஷேக்'.

"இல்லை. அழுகையை நிப்பாட்டேல்லை, அதாலை ஆட்டினனான்" என்றார் அந்தத் தாய். 'ஆட்டினனான்' என்பதை 'ராக்' என்று, அதாவது தாலாட்டுவது போல மெல்ல ஆட்டுவது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யோசிக்கவே இல்லை.

வழக்கைக் கொண்டுவந்த உள்ளூராட்சிக் கவுன்சிலின் வக்கீல் ஒரு தாளை எடுத்தார். குழந்தையைக் கொண்டுபோன இரவு, போனில் வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து மருத்துவமனையில் எழுதிய குறிப்பு. குழந்தையை 'ஷேக்' செய்ததாகத் தாய் சொன்னார் என்று இருந்தது. "அப்படியானால் இன்று மாற்றிச் சொல்கிறீர்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீதிபதியிடம் அனுமதி கேட்டு, 'ஆட்டு' என்ற தமிழ்ச் சொல்லுக்கு 'ஷேக்', 'ராக்' என்ற இரண்டு பொருளும் வரும் என்றேன். இந்த இடத்தில் எந்தப் பொருள் என்று கேட்டார். "அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்" என்றேன். சரியான பதில்தான். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு முன் நான் அவரிடம் கேட்கவில்லையே. நானாகத்தானே தீர்மானித்தேன்?

மாமரத்தை உலுக்குகிறோம், தொட்டிலை ஆட்டுகிறோம். ஷேக்குக்கு உலுக்குதான் சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் விழப்போகிற பல்லையும் ஆட்டித்தான் பார்க்கிறோம். அதோடு உலுக்கு என்பது கடுமையான சொல். கைக்குழந்தையைப் பற்றி அப்படிக் கேட்டால் எந்தத் தாயும் இல்லை என்றுதான் சொல்வாள். "ஆட்டினீர்களா" என்று நான் கேட்டிருந்தால் "ஓம்" என்றிருப்பார். அந்த "ஓம்" ஆங்கிலத்தில் என்னவாகியிருக்கும்? மருத்துவமனையில் நடந்தது அதுதானோ?

குழந்தையின் மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே இரத்தம், விழித்திரையில் கசிவு. வெளியே ஒரு காயமும் இல்லை. இரத்தம் உறையாத நோய் உண்டா என்று பார்த்து, இல்லை என்று முடிவு வந்திருந்தது. சாதாரணமாகத் தாலாட்டினால் இப்படி ஆகாது, பலமாக உலுக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார் நிபுணர். ஆனால் இங்கிலாந்துக் குடும்ப நீதிமன்றத்தில் டாக்டர் சொல்வதோடு விஷயம் முடிவதில்லை. பெற்றோரின் சொல்லையும் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும். குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால் போதும். 2008-இல், அன்று நாட்டின் மேல் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பில் நீதிபதி ஹாஃப்மன் பிரபு சொன்னது இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பழகிய விஷயம்: நடந்ததா என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் 'நடந்திருக்கலாம்' என்று விட முடியாது. 0 அல்லது 1, வேறு மதிப்பு கிடையாது.

அப்படிப்பட்ட இடத்தில் 'ஆட்டினனான்' என்ற சொல்லை நான் 0 பக்கம், அதாவது 'நடக்கவில்லை' என்ற பக்கம் தள்ளிவிட்டேனோ என்பதுதான் என் பயம். தள்ளவில்லை, அவர் சொன்னதைத்தான் சொன்னேன் என்றும் தோன்றுகிறது. அவருடைய கை இடமும் வலமும் மெல்ல அசைந்ததைப் பார்த்துத்தான் அந்தச் சொல் வாயில் வந்தது. ஆனால் கையை மொழிபெயர்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை.

அப்புறம் ஒரு பொம்மையைக் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னார்கள். நாற்காலியின் நுனிக்கு வந்து, காலை நீட்டி, பொம்மையைக் காலில் கிடத்தினார். எங்கள் வீட்டில் அம்மம்மா செய்கிற மாதிரியே. விறைத்த பிளாஸ்டிக் கழுத்து அது, தாங்கவே தேவையில்லை. இருந்தும் அவருடைய இடது கை தானாகப் பிடரிக்குக் கீழே போனது. எனக்குத் தொண்டை அடைத்தது. தலையைத் தாங்கத் தெரிந்தவர் ஏதோ ஓர் இரவில் பொறுமை இழந்திருக்க மாட்டார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அது எனக்கும் தெரியும்.

தீர்ப்பு சில வாரங்கள் கழித்து வந்தது. அன்றைக்கு வேறொருவரை அழைத்திருந்தார்கள். மூடிய கதவுக்குள் நடக்கும் வழக்கு, நான் விசாரிக்கக் கூடாது, விசாரிக்கவும் இல்லை. அந்த முதல் இரவில் போனில் இருந்தவர் எந்தத் தமிழ்ச் சொல்லால் கேட்டார் என்று மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். குறிப்பில் ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது.